பிறர் பாட்டில் பயின்ற பெருங்கலைஞன்

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழர் வாழ்வு. பாட்டில்லாத நாள் நமக்கு இல்லை. ஆயினும் பாடுவோரில் இரு வகையினர் உண்டு. தாமே பாட்டுக் கட்டிப் பாடுவோர் ஒரு வகை. பிறர் கட்டிய பாட்டைக் கற்றுப் பாடுவோர் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு மாலையும் மரியாதையும் கிடைக்கின்றன. இரண்டாம் வகையினரை உலகம் கைதட்டிக் கேட்கிறது; பந்தல் பிரித்ததும் மறந்துவிடுகிறது.

நான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் மூன்றாண்டுகளாகக் கிட்டார் வாசித்து வருகிறேன். எங்கள் குழுவில் நால்வர் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்து, அந்த வருவாயில்தான் தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் செலுத்துகிறார்கள். ஆகவே எந்தப் பாட்டை எடுப்பது, எதை விடுப்பது என்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. கூட்டம் பாதியில் எழுந்து போனால் அடுத்த அழைப்பு வராது. கூட்டமோ எண்பதுகளில் வந்த திரைப்பாடல்களைத்தான் இன்றும் விரும்பிக் கேட்கிறது. அப்போது எங்களில் எவரும் பிறந்திருக்கவில்லை!

எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. அக்கறையோடு கேட்கும் பேராசிரியப் பெருமக்களும் உண்டு. அக்கேள்விக்கு விடை தேடிய வேளையில் எனக்குக் கைகொடுத்தது ஒரு மேலைநாட்டுக் கலைஞரின் வரலாறு. பீட்டில்ஸ் என்னும் இசைக்குழுவைத் தோற்றுவித்த ஜான் லெனன்தான் அவர். அவர் எழுதிய பாடல்களை உலகம் அறியும். அவற்றை எழுதுமுன் அவர் பாடித் தீர்த்த பிறர் பாடல்களின் கதையை அறிந்தவர் குறைவு. அதனை இங்கே சொல்ல விழைகிறேன்.

தாயும் பெரியம்மாவும்

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்ப்பூலில் 1940 அக்டோபர் 9 அன்று ஜான் லெனன் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் கப்பலில் பணியாற்றியவர். வீட்டில் தங்கிய நாள் குறைவு. தாய் ஜூலியா. பெற்றோர் பிரிந்தமையால் சிறுவயதிலேயே பெரியம்மா மிமியின் வீட்டில் வளர நேர்ந்தது. பெரியம்மா கண்டிப்பானவர், படிப்பே பெரிதென்று எண்ணியவர். தாய் ஜூலியாவோ பாட்டும் சிரிப்புமாக இருந்தவர். வேறு வீட்டில் வாழ்ந்த தாயைக் காணப் போகும்போதெல்லாம் மகனுக்குப் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியில் சுரக்கட்டுகளைப் பழக்கினார். அதனால் கிட்டார் கைக்கு வந்த பின்னும் சில காலம் பாஞ்சோ வாசிப்பது போலவே அதனை வாசித்தார் லெனன்.

இத்தாயும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1958 ஜூலை 15 அன்று சாலையைக் கடக்கும்போது கார் மோதி உயிரிழந்தார். லெனனுக்கு அப்போது வயது 17. முதன்முதல் இசையை ஊட்டிய கையை இழந்த துயரம் அவர் பாடல்களில் பின்னர் பலமுறை வெளிப்பட்டது.

தகரப் பலகையில் பிறந்த இசை

1956ஆம் ஆண்டில் லோனி டோனகன் என்பவர் பாடிய ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்கிஃபிள் என்று அந்த இசைக்குப் பெயர். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மலிவான ஒரு கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டிய ஒரு கருவி, இவை போதும். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் குழு அமைத்தார்கள். லெனனும் பள்ளித் தோழர்களைச் சேர்த்து ஒரு குழு கண்டார். பள்ளியின் பெயரையொட்டிக் குவாரிமென் என்று அதற்குப் பெயரிட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து ராக் அண்ட் ரோல் வந்து சேர்ந்தது. எல்விஸ் பிரெஸ்லி, சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட், பட்டி ஹாலி, கார்ல் பெர்கின்ஸ் ஆகியோரின் பாடல்களை இளைஞர்கள் இரவில் லக்சம்பர்க் வானொலியில் கேட்டார்கள். நம் தாத்தாமார் இலங்கை வானொலியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டது போலத்தான். அலை விட்டுவிட்டு வரும். பாட்டின் பாதிச் சொற்கள் காதில் விழா.

அப்படி விழாத சொற்களால் ஒரு நன்மை விளைந்தது. 1957 ஜூலை 6 அன்று வூல்டன் என்னும் பகுதியில் தேவாலயத் திருவிழா. குவாரிமென் குழு அங்கே வாசித்தது. டெல் வைகிங்ஸ் குழுவின் பாட்டொன்றைப் பாடிய லெனன், தமக்குத் தெரியாத அடிகளுக்குப் பதிலாகத் தாமே சொற்களை இட்டு நிரப்பிப் பாடினார். அதைக் கூட்டத்தில் நின்று வியப்புடன் நோக்கினார் 15 வயதுச் சிறுவர் ஒருவர். அவரே பால் மெக்கார்ட்னி. அன்றே தேவாலயக் கூடத்தில் இருவரும் சந்தித்தனர். எடி காக்ரனின் ஒரு கடினமான பாட்டை முழுச் சொற்களுடன் வாசித்துக் காட்டினார் மெக்கார்ட்னி. தம்மினும் தேர்ந்தவனைக் குழுவில் சேர்த்தால் தம் தலைமை குன்றுமோ என்று லெனன் எண்ணிப் பார்த்தார்; குழு வளர்வதே நலம் என்று முடிவு செய்தார். மறு ஆண்டு ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்தார்.

எண்ணிப் பாருங்கள்! பாட்டை முற்றும் அறிந்தவர் ஒருவர். அறியாத இடத்தில் புதிது புனைந்தவர் ஒருவர். உலகப் புகழ் பெற்ற பாடலாசிரியர் இருவரையும் இணைத்து வைத்தவை பிறர் பாடல்களே.

ஹாம்பர்க் இரவுகள்

1960 ஆகஸ்டு 17 அன்று பீட்டில்ஸ் என்ற புதுப்பெயருடன் அக்குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இந்திரா என்னும் விடுதியில் வாசிக்கத் தொடங்கியது. அது கப்பலோட்டிகளும் குடிகாரர்களும் நிறைந்த பகுதி. தங்குமிடம் ஒரு திரையரங்கின் பின்புறத்து இருட்டறை. நாள்தோறும் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். லிவர்ப்பூலில் ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய பாடல்களை வைத்துக்கொண்டே காலந்தள்ளியவர்களுக்கு இது பெருஞ்சோதனை.

வந்தவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களுக்கு ஜெர்மன் அவ்வளவாகத் தெரியாது. பாட்டின் பொருளைக் கொண்டு எவரையும் கவர இயலாது. தாளமும் ஆட்டமும் குரலின் வேகமுமே துணை. விடுதி முதலாளியோ இன்னும் ஆடுங்கள், இன்னும் பாடுங்கள் என்று முடுக்கிக்கொண்டே இருப்பார். தெருவில் போகிறவன் ஒரு பாட்டைக் கேட்டு உள்ளே வரவேண்டும். வந்தவன் அடுத்த பாட்டுக்கும் இருக்கவேண்டும். ரே சார்ல்ஸின் ஒரு பாட்டைக் கூட்டத்தின் மனநிலைக்கேற்ப நீட்டி நீட்டி நெடுநேரம் வாசிப்பது அவர்கள் வழக்கமாயிற்று. கையிருப்புத் தீர்ந்தபோது சக் பெரியின் பாடல்களில் எஞ்சியவை, நாடகப் பாடல்கள், பழைய மெல்லிசைப் பாடல்கள் என எதையும் விட்டுவைக்கவில்லை.

அந்த முதற்பயணத்தில் மட்டும் நூறு இரவுகளுக்கு மேல் வாசித்தார்கள். பின்னர் 1961, 1962ஆம் ஆண்டுகளிலும் அங்கே சென்றார்கள். எங்கே வேகம் கூட்டினால் கூட்டம் எழும், எங்கே ஒரு மெதுவான பாட்டு இடையில் வந்தால் மூச்சு வாங்கிக்கொள்ளும் என்பதையெல்லாம் எந்த இசைப்பள்ளியும் கற்பிக்காத முறையில் அவ்விரவுகள் கற்பித்தன. திருவிழாவில் விடியவிடிய வாசித்த நம் நாதசுரக் கலைஞர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

தட்டின் மறுபக்கம்

லிவர்ப்பூலுக்குத் திரும்பியபின் வேறொரு சிக்கல் எழுந்தது. அந்நகரில் அப்போது குழுக்கள் பல. எல்லாக் குழுக்களும் அதே வெற்றிப் பாடல்களை வாசித்தன. ஒரே மேடையில் முன்னே வாசித்த குழு நாம் வைத்திருந்த பாட்டைப் பாடிவிட்டால் நம் கதி என்ன? எங்கள் குழுவுக்கும் இது நேர்ந்ததுண்டு.

லெனனும் தோழர்களும் கண்ட வழி கூர்மையானது. இசைத்தட்டின் ஒருபக்கத்தில் வெற்றிப் பாட்டு இருக்கும். மறுபக்கத்தை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இவர்கள் திருப்பிப் பார்த்தார்கள். கடையில் நின்றபடியே புதுத் தட்டுகளைப் போடச் சொல்லிக் கேட்டு, மறைந்து கிடந்த நல்ல பாடல்களைத் தேர்ந்தார்கள். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரான ஆர்தர் அலெக்சாண்டரின் பாட்டு, ஷிரல்ஸ், குக்கீஸ் போன்ற பெண்கள் குழுக்களின் பாடல்கள் இவற்றையெல்லாம் ஆண்கள் நால்வர் பாடியபோது அவை புத்தம் புதியனவாய் ஒலித்தன. கேட்போருக்குப் பழக்கமான சுவை. ஆனால் வேறெங்கும் கேளாத பாட்டு.

அவர்கள் சொந்தப் பாடல்களை மேடையில் பாடத் தொடங்கியதற்கும் இதுவே ஒரு காரணம். சொந்தப் பாட்டை அடுத்த குழு முந்திக்கொண்டு பாட முடியாதல்லவா? கலை வேட்கையோடு இந்த நடைமுறைத் தேவையும் சேர்ந்தே அவர்களைப் பாடலாசிரியர் ஆக்கியது.

மேத்யூ தெருவில் நிலவறையில் இருந்த கேவர்ன் மன்றத்தில் 1961 முதல் 1963 வரை ஏறத்தாழ 300 முறை வாசித்தார்கள். நண்பகல் உணவு வேளையில் அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரியும் இளையோர் அங்கே கூடுவர். நாள்தோறும் வருபவருக்கு நாள்தோறும் அதே பட்டியலைப் பாட இயலுமா? பட்டியல் வளர்ந்துகொண்டே போனது.

பொருந்தாத பட்டியல்

1961 நவம்பரில் கேவர்ன் மன்றத்துக்கு வந்து இவர்கள் வாசிப்பைக் கண்டவர் பிரையன் எப்ஸ்டைன். இசைத்தட்டுக் கடை நடத்திய அவர் குழுவின் மேலாளர் ஆனார். அவர் முயற்சியால் 1962 சனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் தேர்வுக்குக் குழுவினர் சென்றனர். பதிவான பாடல்கள் 15. அவற்றுள் சொந்தப் பாடல்கள் மூன்றே. ஏனையவற்றில் நாடகப் பாட்டு, வேடிக்கைப் பாட்டு, பழைய காதல் பாட்டு என எல்லாம் கலந்திருந்தன. எல்லா வகையும் இவர்களுக்கு வரும் என்று காட்டவே எப்ஸ்டைன் இப்பட்டியலை வகுத்தார். ஆனால் கேவர்னில் கூட்டத்தைக் கட்டிப்போட்ட வேகம் அதில் தெரியவில்லை. டெக்கா நிறுவனம் இவர்களை மறுத்து, அன்றே தேர்வுக்கு வந்த வேறொரு குழுவை ஏற்றது.

எல்லாரையும் மகிழ்விக்க எண்ணித் தொகுத்த பட்டியல் எவர் மனத்திலும் நிற்காது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைக்காது. நாம் எதில் வல்லோமோ அதுவே முன்னே நிற்கவேண்டும்.

அவ்வாண்டே ஜார்ஜ் மார்ட்டின் என்னும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் இவர்களை ஏற்றார். அவரும் முதலில் வேறொருவர் எழுதிய பாட்டைக் கொடுத்துப் பாடச் சொன்னார். பாடினார்கள், ஆனால் எங்கள் பாட்டே வெளிவரட்டும் என்று வாதாடினார்கள். 1962 அக்டோபர் 5 அன்று வெளியான முதல் தட்டு அவர்கள் சொந்தப் பாட்டையே தாங்கி வந்தது. தள்ளிவைத்த பாட்டை அடுத்த ஆண்டு மற்றொரு லிவர்ப்பூல் குழு பாடி இங்கிலாந்தில் முதலிடத்தை எட்டியது. பாட்டு மோசமானதன்று, அது தங்களுக்குரியதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரே நாளில் பத்துப் பாடல்

1963 பிப்ரவரி 11. முதல் நெடுந்தட்டுக்காகப் பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் பாடிப் பாடி நாவில் ஏறிய பாடல்களாதலால் அது இயன்றது. முன்னரே வெளியான நான்குடன் சேர்த்து மொத்தம் 14 பாடல்கள். எட்டு சொந்தப் பாடல்கள், ஆறு பிறருடையவை. இரவில் கடைசியாகப் பதிவானது ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. முந்தைய ஆண்டு இஸ்லி சகோதரர்கள் பாடிப் புகழ் பெற்ற பாட்டு அது. தொண்டை கிழியப் பாடவேண்டிய பாட்டாதலால் இறுதிக்கு ஒதுக்கி வைத்தார்கள். லெனனுக்கு அன்று சளி. ஒரே மூச்சில் பாடினார். மீண்டும் ஒருமுறை முயன்றபோது குரல் எஞ்சவில்லை. முதன்முறை பாடியதே தட்டில் நின்றது. வேறொருவர் பாட்டுக்குத் தம் உயிரைக் கொடுத்துப் பாடினால் அது தம் பாட்டே ஆகிவிடும் என்பதற்கு அப்பதிவே சான்று. அந்நெடுந்தட்டு இங்கிலாந்தில் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது.

1964இல் வெளியான மூன்றாம் நெடுந்தட்டில் 13 பாடல்களும் லெனன் – மெக்கார்ட்னி எழுதியவை. ஆயினும் ஓயாத பயணத்தால் களைத்த அவ்வாண்டின் இறுதியில் வந்த நான்காம் தட்டில் மீண்டும் ஆறு பழைய பாடல்கள் இடம்பெற்றன. கைவிடாத களஞ்சியமாக ஐம்பதுகளின் பாடல்கள் இருந்தன.

கூச்சலில் கரைந்த பாட்டு

1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவர்களைக் கண்டோர் ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம். மறு ஆண்டு நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு மேல் திரண்டனர். கூட்டத்தின் கூச்சலில் பாட்டு எவர் காதிலும் விழவில்லை; பாடியவர்களுக்கே கேட்கவில்லை. ஹாம்பர்க்கில் விடியவிடிய வாசித்தவர்கள் இப்போது அரைமணி நேரம் வாசித்துவிட்டு ஓடினார்கள். எதைப் பாடினாலும் ஒன்றே என்ற நிலையில் தேர்வுக்கு என்ன பொருள்? 1966 ஆகஸ்டு 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கட்டணக் கச்சேரிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அன்று பாடிய 11 பாடல்களில் முதற்பாட்டு சக் பெரியுடையது. இறுதிப்பாட்டு லிட்டில் ரிச்சர்டுடையது. உலகப் புகழின் உச்சியிலும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அவர்கள் நம்பியது சிறுவயதில் வானொலியில் கேட்ட பாடல்களையே.

மீண்டும் பழைய பாட்டு

1969 மார்ச்சில் ஜப்பானியக் கலைஞரான யோகோ ஓனோவை லெனன் மணந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று கனடாவின் டொராண்டோ நகரில் ராக் அண்ட் ரோல் விழா. சக் பெரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெரி லீ லூயிஸ் முதலிய மூத்தோர் வாசித்த மேடை அது. லெனனுக்குத் திடீரென அழைப்பு வந்தது. குழு இல்லை, ஒத்திகை இல்லை. எரிக் கிளாப்டன் முதலிய சிலரை அவசரமாகத் திரட்டி விமானத்திலேயே ஒத்திகை பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாடல்கள் மூன்றில் தொடங்கினார். விரல்களின் நடுக்கம் நீங்கியபின் தம் சொந்தப் பாடல்களுக்கு வந்தார். இன்னும் வெளிவராத பாட்டொன்றையும் பாடினார். பின்னர் தம் அமைதிப் பாட்டைப் பாடினார். தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்கு அழைத்துச் செல்லும் அந்த வரிசை, இன்றும் எந்த மெல்லிசைக் குழுவும் பின்பற்றத் தக்கது.

1970இல் பீட்டில்ஸ் குழு பிரிந்தது. பிறர் பாட்டு லெனனுக்கு ஒரு தொல்லையையும் தந்தது. தம் பாட்டொன்றில் சக் பெரியின் பழைய பாட்டின் சாயல் விழுந்ததால், அதன் உரிமை வைத்திருந்த வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தார். அவ்வெளியீட்டாளருக்கு உரிய பழைய பாடல்கள் சிலவற்றைப் பாடிப் பதிவு செய்வதாக ஒப்புக்கொண்டு லெனன் வழக்கைத் தீர்த்துக்கொண்டார். அதன் விளைவாகவே 1975இல் ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் நெடுந்தட்டு வெளிவந்தது. பாடல்கள் எல்லாம் அவர் இளமையில் நேசித்தவை. மேலட்டையில் 1961இல் ஹாம்பர்க்கில் எடுத்த அவருடைய இளவயதுப் படம். கடனுக்காகத் தொடங்கிய பணி, தம் வேர்களுக்குச் செலுத்திய நன்றியாக முடிந்தது.

இதற்கிடையே 1974 நவம்பர் 28 அன்று நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் எல்டன் ஜானின் கச்சேரியில் மூன்று பாடல்கள் பாடினார். இறுதியாக அவர் பாடியது, முதல் நெடுந்தட்டில் மெக்கார்ட்னி பாடியிருந்த பாட்டு. பிரிந்த நண்பனின் பாட்டைப் பாடிவிட்டு இறங்கினார். கட்டணக் கச்சேரி மேடையில் அதன்பின் அவர் ஏறவில்லை.

லெனன் குறையற்ற மனிதர் அல்லர். சினம் மிகுந்தவர், முதல் மனைவியின் மகன் ஜூலியனுக்கு நல்ல தந்தையாக இருக்கவில்லை. இளைய மகன் ஷான் 1975இல் பிறந்தபின் ஐந்தாண்டுகள் இசையுலகை விட்டு ஒதுங்கி அக்குழந்தையை வளர்த்தார். 1980 நவம்பரில் புதிய தட்டுடன் திரும்பினார். அடுத்த மாதம் 8ஆம் நாள் நியூயார்க்கில் தம் இல்லத்தின் வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40.

நாம் கொள்ள வேண்டியவை

எத்தனை நாளைக்கு அடுத்தவர் பாட்டு என்ற கேள்விக்கு லெனனின் வாழ்வு தரும் விடை தெளிவானது. அதனைக் கற்கும் வரை; கற்றபின்னும் நன்றியோடு. ஒரு பாட்டை நூறுமுறை வாசிக்கிறவன் பல்லவி எங்கே திரும்புகிறது, இடையிசை ஏன் அங்கே வருகிறது என்பதை விரலால் அறிகிறான். அந்த அறிவே பின்னர் சொந்தப் பாட்டாக முளைக்கிறது.

இதனைக் கொண்டு எங்கள் குழு இவ்வாண்டு சில முடிவுகள் செய்திருக்கிறது. முதலாவது, எண்பதுகளின் பாடல்களை எடுக்கும்போது எல்லாக் குழுக்களும் பாடும் பாடல்களோடு நிறுத்தாமல், அதே படங்களில் மறைந்து கிடக்கும் நல்ல பாட்டையும் தேடுவது. இரண்டாவது, தெரிந்த பாட்டில் தொடங்கி, நடுவே தெரியாததை வைத்து, தெரிந்ததில் முடிப்பது. மூன்றாவது, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே அதை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரை மேடையில் சொல்வது. அவர்கள் போட்ட சோற்றைத்தானே உண்கிறோம்? நான்காவது, கச்சேரிக்கு ஒன்றாவது எங்கள் சொந்தப் பாட்டு. அது கைதட்டல் பெறாமல் போகலாம். அடுத்த பாட்டு கூட்டத்துக்குத் தெரிந்ததாக இருக்குமாதலால் அஞ்ச வேண்டியதில்லை.

மாணவத் தோழர்களே! விழா மேடையில் எங்கள் குழு உங்களுக்குத் தெரியாத ஒரு பாட்டைத் தொடங்கினால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். தேநீருக்குப் போக அடுத்த பாட்டு வரை காத்திருங்கள்.